ஸ்பானிய மொழியின் இறந்தகால வினைமுற்றுக்கள்

பிறமொழியொன்றிலிருந்து பெயர்ச்சொற்களை ஏற்றல் எம்மொழிக்கும் எளிது. வினைச்சொற்களை ஏற்றல் அரிது. போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658 ஆம் ஆண்டுவரை ஆண்டனர். அவர் சென்று மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மேசை, கதிரை, சப்பாத்து, பாண் என்னுஞ் சொற்கள் ஈழத்துத் தமிழர் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. ஆயின், அவர் மொழியின் வினைமுற்றொன்றேனும் தமிழிற் புகுந்து நிலைத்ததில்லை. பெயர், தான் குறிக்கும் பொருளோடு கப்பலேறி வந்துவிடும். வினையோ ஒரு மொழியின் எலும்புக்கூட்டோடு பிணைந்து கிடப்பது. அதனைத் தனியே பெயர்த்தெடுத்தல் இயலாது. பிறமொழி கற்கப் புகுவோன் பெயர்களிடத்து மகிழ்ந்து வினைகளிடத்து மருளுவதற்குக் காரணமும் இதுவே.

போர்த்துக்கேயத்தின் உடன்பிறந்த மொழி ஸ்பானியம். இரண்டும் இலத்தீன் மொழியின் வழித்தோன்றல்கள். 1580 ஆம் ஆண்டு முதல் 1640 ஆம் ஆண்டுவரை இரு நாடுகளும் ஒரே மன்னனின் ஆணைக்குட்பட்டிருந்தமையால், யாழ்ப்பாணம் வீழ்ந்த காலத்திற் போர்த்துக்கலின் முடியைச் சூடியிருந்தவன் ஸ்பெயின் நாட்டு மூன்றாம் பிலிப்பு மன்னனே. ஆதலால் ஸ்பானிய மொழியை முதன்முறை கேட்கும் ஈழத்து மாணவன் மேசையை ‘மேச’ என்றும், சப்பாத்தைச் ‘சப்பாத்தொ’ என்றும், பாணைப் ‘பான்’ என்றும் அங்கே காண்பான். ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழியாய், இருபது நாடுகளில் அரசகரும மொழியாய் விளங்கும் அம்மொழி, இவ்வாறு சில சொற்களால் அவனை வரவேற்றபின், வினையியலின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே மூவகை வினைகள், ஆறு இடங்கள், ஒன்றுக்கு இரண்டாக இறந்தகாலங்கள் எனப் பட்டியல்கள் காத்து நிற்கும்.

அப்பட்டியல்களைக் கண்டு அஞ்சி, அவற்றை நெட்டுருச் செய்வதிலேயே மாணவர் தம் உழைப்பெல்லாவற்றையுஞ் செலவிடுகின்றனர். உண்மையில் ஒழுங்கான வினைகளின் இறந்தகால விகுதிகள் மிகச் சில. ஒரு வாரத்தில் மனங்கொள்ளத்தக்கன. தவறுகள் விளைவது விகுதியை மறப்பதால் அன்று. அழுத்தம் வீழவேண்டிய அசையை விட்டுப் பிறிதோர் அசையில் அதனை வீழ்த்துவதாலும், இரண்டு இறந்தகாலங்களுள் எது வேண்டுமென்று அறியாமையாலுமே அவை விளைகின்றன. இவ்விரண்டனுள் முன்னையது தமிழ் நாவுக்குச் சிறப்பாக உரிய ஓர் இடர். பின்னையதற்கோ தமிழ் வழக்கிலேயே நல்ல விளக்கம் உண்டு.

ஸ்பானிய ஒலிகளைத் தமிழெழுத்தில் எழுதும்போது ஒரு நெறியைக் கைக்கொள்ளல் வேண்டும். ஸ்பானியத்தில் நெட்டுயிர் குற்றுயிர் என்னும் வேறுபாடு இல்லை. அழுத்தம் பெறும் உயிர், அழுத்தம் பெறா உயிர் என்னும் வேறுபாடே உண்டு. அழுத்தம் பெறும் உயிர் சிறிது நீண்டொலிக்குமாதலின், இங்கு நெட்டெழுத்து வருமிடமெல்லாம் அழுத்தம் வீழும் இடம் என்று கொள்க. அவ்வாறு கொண்டால் தமிழெழுத்தே ஸ்பானிய உச்சரிப்புக்கு வழிகாட்டியாகும்.

ஸ்பானிய வினைகள் தொழிற்பெயர் வடிவில் அகராதியில் நிற்கும். அவ்வடிவம் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்னும் மூன்றனுள் ஒன்றால் முடியும். தொமார் (எடுத்தல், பருகுதல்), கொமேர் (உண்ணல்), சுபீர் (ஏறுதல்) என்பன முறையே அவற்றுக்கு எடுத்துக்காட்டு. அவ்வீற்றைக் களைந்தால் எஞ்சுவது பகுதி. அதனோடு இடத்துக்கும் எண்ணுக்கும் உரிய விகுதி சேர்ந்து முற்றாகும். முடிந்துபோன ஒரு செயலைக் குறிக்கும் இறந்தகாலத்தில் முதல் வகை வினை பின்வருமாறு வரும்: தொமே (எடுத்தேன்), தொமாஸ்தெ (எடுத்தாய்), தொமோ (எடுத்தான், எடுத்தாள், எடுத்தது), தொமாமொஸ் (எடுத்தோம்), தொமாஸ்தெயிஸ் (எடுத்தீர்கள்), தொமாரொன் (எடுத்தார்கள், எடுத்தன). இரண்டாம் வகை: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெயிஸ், கொமியேரொன். மூன்றாம் வகை: சுபீ, சுபீஸ்தெ, சுபியோ, சுபீமொஸ், சுபீஸ்தெயிஸ், சுபியேரொன்.

உற்று நோக்கின், இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இங்கு வேறுபாடே இல்லை என்பது புலனாகும். நிகழ்காலத்திற் சில இடங்களில் வேறுபடும் அவ்விரு வகைகளும் இறந்தகாலத்தில் ஒன்றாகிவிட்டன. எனவே கற்கவேண்டிய விகுதிகள் பன்னிரண்டே. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியரோ முன்னிலைப் பன்மைக்குப் படர்க்கைப் பன்மையையே வழங்குவர். ‘தொமாஸ்தெயிஸ்’ என்பது அவர் பேச்சில் இல்லை. அவர் வழக்கைப் பின்பற்றுவோனுக்குப் பத்து விகுதிகளே போதும்.

மரியாதை வழக்குப் பற்றியும் ஒரு சொல் இங்கு வேண்டும். மதிப்புக்குரிய ஒருவரை நேரில் விளிக்கும்போது ஸ்பானியர் முன்னிலை வினையை வழங்குவதில்லை. படர்க்கை வினையையே வழங்குவர். ‘தங்கள் அருள்’ என்னும் பொருள்பட்ட பழைய தொடரொன்று குறுகி முன்னிலைப் பெயராய் நிலைத்தமையே இதற்குக் காரணம். முன்னே நிற்கும் ஆசிரியரையே ‘வாத்தியார் சாப்பிட்டாரா?’ என்று வினவிப் பழகிய மாணவனுக்கு இது புதுமையன்று.

ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் கற்போனுக்கு, எழுவாய் இன்றியே வினை ஆளைக் காட்டுவது வியப்பாயிருக்கும். தமிழனுக்கு அதில் வியப்பில்லை. ‘வந்தேன்’ என்றால் வந்தவர் யாரென்று கேட்பார் எவருமிலர். ஸ்பானியத்திலும் அவ்வாறே எழுவாய் பெரும்பாலும் தோன்றாது நிற்கும். ஆயின் படர்க்கையில் ஒரு குறை உண்டு. தமிழ் வினை ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்பவற்றைத் தன் விகுதியாற் காட்டும். ‘தொமோ’ என்பது அவற்றுள் எதனையுங் காட்டாது. எடுத்தவன் ஆணா பெண்ணா என்பது, முன்வந்த வாக்கியத்தால் உணரத்தக்கது.

அமைப்பை நோக்குமிடத்து வேறொரு வேறுபாடு வெளிப்படும். பவணந்தி முனிவர் நன்னூலிற் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை முதலிய உறுப்புக்களாகப் பிரிப்பார். ‘எடுத்தேன்’ என்பதில் ‘எடு’ பகுதி. ‘ஏன்’ தன்மை ஒருமை விகுதி. காலம் காட்டுவது இடையில் நிற்கும் தகர ஒற்று. ‘தொமே’ என்பதில் இவ்வாறு பிரித்தற்கு இடமில்லை. ஏகாரம் ஒன்றே தன்மையையும், ஒருமையையும், இறப்பையும் ஒருங்கே காட்டி நிற்கிறது. இது தமிழுக்கு முற்றும் அயலான நெறி என்று கருதவேண்டா. ‘உண்டு’ என்பது ‘யான் உண்டேன்’ என்றும், ‘உண்டும்’ என்பது ‘யாம் உண்டேம்’ என்றும் பொருள்பட்ட பழைய வழக்கில், டு, டும் என்னும் விகுதிகளே காலத்தையுங் காட்டும் என்று நன்னூலார் கொண்டார். அவ்விதியைப் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்தோர், ஸ்பானிய வினையைக் கற்கும்போது அதனை மீண்டும் நினைவுகூர்தல் நன்று.

இன்னொன்றும் கூறுதல் தகும். ‘ஒழுங்கான வினை’ என்று ஸ்பானிய இலக்கணகாரர் கூறுவதோடு ஒப்பிட்டால், தமிழ் வினையே கற்போனுக்குக் கடினமானது. தமிழில் இறந்தகாலம் ஒரு வினைக்குத் தகரத்தாலும், ஒன்றுக்கு டகரத்தாலும், ஒன்றுக்கு றகரத்தாலும், மற்றொன்றுக்கு ‘இன்’ என்பதாலும் வரும்: செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். எவ்வினைக்கு எது என்பதைத் தாய்ப்பாலோடு பருகினோர் அறிவர். வெளிநாட்டார் ஒவ்வொன்றாக மனனஞ் செய்வர். ஸ்பானியத்தில் தொழிற்பெயரின் ஈற்றைக் கண்ட அளவிலேயே இறந்தகால விகுதி இன்னதென்று கூறிவிடலாம்.

நிகழ்காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் பல இறந்தகாலத்தில் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். பென்சார் (நினைத்தல்) என்னும் வினை நிகழ்காலத்திற் ‘பியேன்சொ’ (நினைக்கிறேன்) எனப் பகுதி திரிந்து வரும். இறந்தகாலத்திலோ ‘பென்சே’ (நினைத்தேன்) எனத் திரிபின்றி வரும். காரணம் எளிது. அழுத்தம் பகுதியின்மேல் வீழ்ந்தால் அவ்வுயிர் விரிந்து ‘இயே’ ஆகும். இறந்தகாலத்தில் அழுத்தம் எப்போதும் விகுதியின்மேலேயே வீழ்தலின், பகுதிக்குத் திரிபு நேர வழியில்லை. ‘ஈர்’ ஈற்று வினைகள் சில மட்டும் படர்க்கையில் இவ்விதிக்கு விலகும். உறங்குதலைக் குறிக்கும் ‘தொர்மீர்’ என்பது, ‘உறங்கினான்’ என்னும் பொருளில் ‘துர்மியோ’ என வருவது அவ்வகையது.

இனி, அழுத்தத்தைப் பற்றி விரிவாக நோக்குதல் வேண்டும். இடர் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தோமொ, தொமோ, தோமெ, தொமே என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்க. தோமொ என்றால் ‘எடுக்கிறேன்’. தொமோ என்றால் ‘அவன் எடுத்தான்’. தோமெ என்பது தமிழின் வியங்கோளுக்கு நிகரானது. ‘எடுப்பீராக’ என்று மதிப்புடன் ஏவுவது. தொமே என்பது ‘எடுத்தேன்’. எழுத்தில் இவை ஒரு சிறு சாய்கோட்டாலேயே வேறுபடும். பேச்சில் அழுத்தத்தால் மட்டுமே வேறுபடும். ஆள் மாறுகிறது, காலம் மாறுகிறது, கூற்று ஏவலாக மாறுகிறது. ஓர் ஆவணத்தின் கீழ் ‘ஃபீர்மொ’ என்றிருப்பின் ‘நான் கையொப்பமிடுகிறேன்’ என்பது பொருள்; ‘ஃபிர்மோ’ என்றிருப்பின் ‘அவர் கையொப்பமிட்டார்’ என்பது பொருள். கோடு விடுபட்டால் பொறுப்பே ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாறிவிடும். பெருவடிவ எழுத்துக்களில் எழுதும்போது கோட்டை விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் ஸ்பெயினிலும் உளர். 1713 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் அதனை ஏற்பதில்லை. அவ்வெழுத்துக்களுக்கும் கோடு வேண்டும் என்பதே அதன் விதி.

தமிழ் பேசுவோன் இங்கு இடறுவது ஏன்? தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அளபே பொருளை மாற்றும். கல் வேறு, கால் வேறு. ஆதலால் தமிழ்ச் செவி நீட்டத்தை நுட்பமாக உணரும். அழுத்தத்தைத் தனியே உணராது. இதனாற் பெருந் தீங்கில்லை. அழுத்தத்தை நீட்டமாகக் கேட்டுக்கொண்டாற் போதும். தீங்கு விளைவது சொல்லின் ஈற்றில். எகரம் மெய்யோடு கூடித் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாவதில்லை. ஒகரமோ ‘நொ’ என்னும் ஓரெழுத்தொருமொழியில் மட்டுமே ஈறாகும். குற்றெகரத்தையும் குற்றொகரத்தையும் ஈற்றில் நிறுத்தி ஒலித்துப் பழகாத நா, அவ்விடத்தில் தன்னையறியாமலே ஏகாரத்தையும் ஓகாரத்தையும் ஒலித்துவிடும். ‘தோமொ’ என்று கூறக் கருதியவன் ‘தோமோ’ என்பான். கேட்கும் ஸ்பானியனுக்கு அது ‘தொமோ’ என்றே செவிப்படக்கூடும். ‘காப்பி பருகுகிறேன்’ என்று ஒருவன் சொல்ல, ‘பருகியவன் யார்?’ என்று மற்றவன் வினவும் நிலை இப்படித்தான் உண்டாகும். ஆங்கிலேய மாணவனுக்கு இல்லாத இடர் இது. ஆகவே, ஆங்கிலேயருக்கென்று எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் இதனைப் பேசுவதில்லை.

அழுத்தம் ஈற்றுக்குச் சென்ற வரலாற்றை அறிந்தால் நினைவில் வைத்தல் எளிதாகும். ‘அன்பு செய்தேன்’ என்பது இலத்தீனில் ‘அமாவி’. ‘அன்பு செய்தான்’ என்பது ‘அமாவித்’. இரண்டிலும் அழுத்தம் நடுவிலுள்ள ஆகாரத்தின்மேல். மக்கள் பேச்சில் நாளடைவில் வகரம் மெலிந்து மறைந்தது. ‘அமாவி’ என்பது ‘அமாயி’ எனக் குறுகிற்று. அங்கே அகரமும் இகரமும் அடுத்து நின்று ஏகாரமாயின: ‘அமே’. ‘அமாவித்’ என்பதில் வகரத்தின் பின்னின்ற இகரம் கெட, வகரம் உகரமாய் நெகிழ்ந்தது. அகரமும் உகரமும் கூடி ஓகாரமாயின: ‘அமோ’. நர என்பதும் இந்திரன் என்பதும் சேர்ந்து நரேந்திரன் ஆவதையும், சூரிய என்பதும் உதயம் என்பதும் சேர்ந்து சூரியோதயம் ஆவதையும் குணசந்தி என்று பயின்றோருக்கு, ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் இதே ஒலிநெறி வேறொரு மொழியில் நிகழ்ந்தமை சுவை பயக்கும். உயிர்கள் இரண்டு ஒன்றாயினும் அவற்றின்மேல் வீழ்ந்த அழுத்தம் நீங்கவில்லை. நடு அசையாயிருந்தது இறுதி அசையாயிற்று. அழுத்தம் தான் நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்பானிய எழுத்தில் அவ்வீற்றின்மேற் காணும் சாய்கோடு, மறைந்துபோன வகரத்தின் கல்லறைக் கல் எனலாம்.

முன்னிலை ஒருமையான ‘தொமாஸ்தெ’ என்பதிலும் ஒரு செய்தி உண்டு. ஏவல் ஒழிந்த ஏனை வினைவடிவங்களிலெல்லாம் முன்னிலை ஒருமை ஸகர ஒற்றால் முடிய, இஃதொன்று மட்டும் அவ்வொற்றின்றி முடியும். பொதுமக்கள் இதனைக் குறைபோலக் கருதி ‘தொமாஸ்தெஸ்’ என்று ஒற்றுச் சேர்த்துப் பேசுதல் ஸ்பானிய உலகெங்கும் கேட்கப்படும். கற்றோர் அதனை வழு என்பர். கற்போன் அதனைக் கேட்டுக்கொள்ளலாம், கைக்கொள்ளல் ஆகாது.

எழுத்து முறையில் நேரும் சிறு மாற்றங்களை ஒழுங்கின்மை என்று மயங்குதல் கூடாது. ‘யெகார்’ (வந்தடைதல்) என்பதன் தன்மை ஒருமை ‘யெகே’. ககர ஒலியைக் குறிக்கும் உரோம எழுத்து அங்கே எகர எழுத்துக்கு முன் நின்றால் ஹகரம்போல ஒலிக்கும் ஆதலால், அதனைத் தடுத்தற்கு ஒலியில்லாத உகர எழுத்தொன்றை இடையில் எழுதுவர். செவிக்கு எம்மாற்றமும் இல்லை. ‘லெயேர்’ (வாசித்தல்) என்பதன் படர்க்கை ‘லெயோ’. இரு உயிர்களுக்கிடையில் அகப்பட்ட இகரம் யகரமாகிவிடுகிறது. யகர உடம்படுமெய்யை அறிந்தோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மற்றை இறந்தகாலம் அமைப்பில் இன்னும் எளிது. முதல் வகை வினைக்குத் தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபயிஸ், தொமாபன் என வரும். ஏனை இருவகைக்கும் பகுதியோடு ‘ஈ’யும் அதன்பின் அகரமும் சேரும்: கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயயிஸ், கொமீயன். இங்கே தமிழ் மாணவன் தன் வீட்டுக்குத் திரும்பியதுபோல உணர்வான். தொமாபமொஸ் என்பதிற் ‘தொம்’ பகுதி. ‘ஆ’ வினைவகையைக் காட்டும் உயிர். ‘ப’ காலங்காட்டும் இடைநிலை. ‘மொஸ்’ தன்மைப் பன்மை விகுதி. நன்னூலார் வகுத்த முறையிலே உறுப்புறுப்பாகப் பிரித்து வைக்கலாம். இக்காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் ஸ்பானிய மொழி முழுவதிலும் மூன்றே: இருத்தல், போதல், காணல் என்னும் பொருளன. தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் வடிவால் ஒன்றாயிருத்தலே இதன் குறை.

இவ்விரண்டு இறந்தகாலங்களின் பொருள் வேறுபாடே கற்போனை நெடுங்காலம் அலைக்கழிப்பது. 1492 ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூல் வகுத்த அந்தோனியோ தெ நெப்ரிஹா, முன்னையதை முடிந்த இறப்பு என்றும், பின்னையதை முடியாத இறப்பு என்றும் பெயரிட்டார். அப்பெயர்கள் இன்றும் பொருத்தமானவை. ஆயினும், வெனிசுவேலா நாட்டிற் பிறந்து சிலி நாட்டிற் பணிபுரிந்த அந்திரேஸ் பெல்யோ 1847 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கணத்தில் இன்னும் ஒரு படி சென்றார். தொமாப என்னும் வடிவத்துக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் ‘உடனிகழ் இறப்பு’ எனலாம். இறந்துபோன ஒரு நிகழ்ச்சியோடு உடன்நின்ற மற்றொரு செயலைக் கூறுவது என்பது அவர் கருத்து. இவ்வொரு பெயர், பாடநூல்களின் பத்துப் பக்க விதிகளினும் மேலானது.

கதை கூறும் முறையை நோக்கின் இது விளங்கும். ‘மழை பெய்துகொண்டிருந்தது, தெருவில் ஒருவரும் இல்லை, விளக்கு மங்கலாய் எரிந்துகொண்டிருந்தது, யாரோ கதவைத் தட்டினார்’ என்னும் பகுதியில், முதல் மூன்றும் உடனிகழ் இறப்பில் வரும், தட்டியது மட்டும் முடிந்த இறப்பில் வரும். முன்னவை திரைச்சீலை, பின்னது மேடையேறிய பாத்திரம். 1605 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தொன் கிஹோத்தெ’யின் முதல் அதிகாரத்தில் செர்வாந்தேஸ் தம் கதைத்தலைவனின் ஊண், உடை, வீடு, வயது ஆகியவற்றை அறிமுகஞ் செய்வது உடனிகழ் இறப்பினாலேயே.

வழக்கமாக நிகழ்ந்தவற்றையும் இவ்விறப்பே கூறும். தமிழில் இதற்கு நிகரான வடிவம் எதிர்கால வினையாய் இருத்தல் வியப்புக்குரியது. ‘சிறுவயதில் நாங்கள் அக்குளத்தில் நீந்துவோம், பாட்டனார் கரையிலிருந்து பார்ப்பார்’ என்னும்போது, நீந்துவோம், பார்ப்பார் என்பன வடிவால் எதிர்காலம், பொருளாற் கடந்துபோன வழக்கம். ஸ்பானியத்தில் மொழிபெயர்ப்போன் அங்கே உடனிகழ் இறப்பையே இடவேண்டும். ‘ஒருநாள் நாங்கள் அக்குளத்தில் நீந்தினோம்’ என்றால் முடிந்த இறப்பே வேண்டும். ஆகவே, தமிழ் மாணவன் தன் மனத்தில் எழும் தமிழ் வாக்கியம் ‘செய்தான்’ என்னும் வடிவினதா, ‘செய்துகொண்டிருந்தான்’ அல்லது ‘செய்வான்’ என்னும் வடிவினதா என்று ஒருகணம் செவிமடுத்தால், பெரும்பாலும் தவறமாட்டான்.

பாடநூல்கள் சில, நீண்டகாலம் நிகழ்ந்ததற்கு உடனிகழ் இறப்பு, சிறிதுநேரம் நிகழ்ந்ததற்கு முடிந்த இறப்பு என்று விதி கூறும். இது தவறு. முஸ்லிம் அரசர் ஸ்பெயின் மண்ணில் 711 ஆம் ஆண்டு முதல் 1492 ஆம் ஆண்டுவரை ஆட்சி செலுத்தினர் என்று கூறுங்கால், எண்ணூறு ஆண்டளவு நீண்டதேயாயினும் அது தொடக்கமும் முடிவும் உடைய ஒரு முழு நிகழ்ச்சியாகவே நோக்கப்படுதலின், முடிந்த இறப்பே வரும். காலத்தின் நீளமன்று, அதனைக் கூறுவோன் நோக்கும் நிலையே வடிவத்தைத் தெரிகிறது. சில வினைகளிற் பொருளே மாறிவிடும். ‘கொனொசேர்’ (ஒருவரை அறிதல்) என்பதன் முடிந்த இறப்பான ‘கொனொசீ’ என்பது ‘அறிமுகமானேன்’ என்றாகும். ‘கொனொசீய’ என்பது ‘அறிந்திருந்தேன்’ என்றாகும். அறிதல் என்னும் நிலையை அதன் தொடக்கப் புள்ளியில் நிறுத்திக் காட்டுகிறது முன்னையது.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, ஆறு வடிவங்களையும் மேலிருந்து கீழாக ஓதுவித்தல் பயன் குறைந்தது. அவ்வாறு ஓதிய மாணவன், ‘அவன் உண்டான்’ என்று கூறவேண்டியவிடத்துக் கொமீ, கொமீஸ்தெ என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டு மூன்றாவதை அடைவான். அதற்குள் உரையாடல் வேறிடத்துக்குச் சென்றுவிடும். வினாவும் விடையுமாக முன்னிலையையும் தன்மையையும் இணைத்தலே நேர்வழி: ‘அயேர் கொமீஸ்தெ?’ (நேற்று உண்டாயா?) ‘கொமீ’ (உண்டேன்). அதன்பின், தன்மை நிகழ்காலத்தையும் படர்க்கை இறந்தகாலத்தையும் மாற்றி மாற்றி ஆசிரியர் ஒலிக்க, மாணவர் கேட்டு ‘நான், இன்று’ என்றோ ‘அவன், நேற்று’ என்றோ எழுதுதல் வேண்டும். தோமொ, தொமோ, ஃபிர்மோ, ஃபீர்மொ என்று பத்து நிமிடம் நடக்கும் இச்சொல்வதெழுதல் தமிழ் மாணவனின் ஈற்றுக் குறிலைச் செம்மை செய்வதுபோலப் பட்டியல் எதுவும் செய்யாது. நேற்றைய நாளிற் காலை முதல் மாலைவரை செய்தவற்றை ஒழுங்கான வினைகளால் மட்டும் சொல்லிப் பழகுதல் மூன்றாவது படி. மிகுதியாக வழங்கும் இருத்தல், போதல், செய்தல், உடைமை என்னும் பொருளுடைய வினைகள் ஒழுங்கற்றவை. அவற்றிற் பல அழுத்தத்தையும் பகுதியின்மேலேயே கொள்ளும். ‘உடையவனாயினான்’ என்பது ‘தூபொ’. அவற்றை ஒழுங்கானவை நன்கு படிந்தபின் கொணர்தலே முறை.

ஒழுங்கான வினைகளுக்குள்ளும் தீராத ஐயம் ஒன்று எஞ்சியுள்ளது. ‘தொமாமொஸ்’ என்பது ‘எடுத்தோம்’ என்றும் பொருள்படும். ‘எடுக்கிறோம்’ என்றும் பொருள்படும். ‘ஈர்’ ஈற்றுச் ‘சுபீமொஸ்’ என்பதும் அத்தகையதே. கொமேர் வகை மட்டும் நிகழ்காலத்திற் ‘கொமேமொஸ்’ என்றும், இறந்தகாலத்திற் ‘கொமீமொஸ்’ என்றும் வேறுபட்டுத் தப்பிக்கொண்டது. இலத்தீனில் இறந்தகாலத்தைத் தனித்துக் காட்டிய வகரம் மறைந்தபோது முதல் வகையின் இரு காலங்களும் ஒன்றாகிவிட்டன. நேற்று, சென்ற ஆண்டு என்பன போன்ற காலப்பெயர்களைக் கொண்டே கேட்போர் பொருளுணர்வர். போர்த்துக்கல் நாட்டார் இறந்தகாலத்தில் அவ்வுயிரைத் திறந்தொலித்து, எழுத்திலும் ஒரு கோடிட்டு வேறுபடுத்துவர். ஸ்பெயினின் நாட்டுப்புற வழக்குகள் சிலவற்றில் ‘தொமே’ என்பதைப் பின்பற்றித் ‘தொமேமொஸ்’ என்று இறந்தகாலத்துக்குத் தனிவடிவம் ஆக்கிக்கொண்டனர். ஆனால் அவ்வடிவமோ, ‘எடுப்போமாக’ என்னும் பொருளில் முன்னரே வழக்கில் இருப்பது.